501-வது யூனிட்: தகுதி வரம்பு எழுதும் அதிகாரிகளுக்குக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதி, எரிசக்தி, வருவாய், மக்கள் நல்வாழ்வுத் துறைகளில் அரசாணைகளைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

திட்டங்களை மேடையில் அறிவிக்கிறவர்கள் அமைச்சர்கள். அந்தத் திட்டம் யார் வீட்டுக்குள் வரும், யார் வீட்டைத் தாண்டிப் போகும் என்பதை ஒரு வரியில் எழுதி முடிவு செய்கிறவர்கள் நீங்கள். "ஆண்டு வருமானம் இவ்வளவுக்கு மிகாமல்", "மின் பயன்பாடு இத்தனை யூனிட்டுக்குக் குறைவாக" என்று வரும் அந்த வரிகளைப் பற்றித்தான் இந்த மடல். அதனால்தான் முதலமைச்சருக்கோ கட்சிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். இரண்டு சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு நாலரை லட்சத்தை ஒட்டி வரும். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, தீபாவளிச் சீட்டு, பால், மளிகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாதம் இருபதாம் தேதிக்கு மேல் எந்தச் செலவையும் யோசித்துத்தான் செய்வோம். எங்களைவிட அதிகம் சிரமப்படுகிறவர்கள் இதே தெருவில் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் திடீரென்று ஒரு ஆபரேஷன் செலவு வந்தால் எங்களுக்கு இருக்கிற நிவாரண நிதி பீரோவில் உள்ள நகை மட்டும்தான்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சராசரி நடுத்தரக் குடும்பத்துக்கு அரசின் உதவி எப்படி வந்து சேர்கிறது என்பது கோப்புகளைப் பார்த்தால் முழுதாகத் தெரியாது. வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்தால் தெரியும்.

ரேஷனில் எங்களுடையது அரிசி கார்டு. அந்த அரிசியில் வாரத்துக்கு இரண்டு முறை இட்லி மாவு அரைக்கிறோம். சாப்பாட்டுக்குப் பொன்னி அரிசி வெளியில் வாங்கினாலும் காலை டிபனும் பாதி ராத்திரிச் சாப்பாடும் ரேஷன் அரிசியில்தான் நடக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். வெளியே இரண்டும் தனித்தனியே நூறைத் தாண்டும். அதுவே மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாத மிச்சம். நடுத்தரக் குடும்பங்கள் ரேஷன் கடைப் பக்கமே போவதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கடலூரில் எந்தக் கடையிலும் மாதத் தொடக்கத்தில் வந்து பாருங்கள்.

1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தது. பல மாநிலங்கள் அதன்படி போயின. தமிழ்நாடு மட்டும் பிரிக்க மாட்டேன் என்று நின்றது. 2016-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த பிறகும் எல்லாக் குடும்பத்துக்கும் கார்டு என்பதை விடவில்லை. அந்த முடிவை எடுத்த அதிகாரிகளில் பலர் இன்று ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் போட்ட கணக்கில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாவு பொங்குகிறது.

அப்புறம் பஸ். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தபோது வருமானச் சான்று கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. ஏறினால் சீட்டு. எங்கள் பக்கம் தனியார் பஸ்கள் நிறைய. அரசு பஸ்ஸுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் நான் பள்ளிக்குப் போய் வருவதிலும், மகள் டியூஷன் போய் வருவதிலும் மாதம் ஐநூறு ரூபாய்க்குக் குறையாமல் கையில் நிற்கிறது. என்னுடன் வேலை பார்க்கும் ஆயா அம்மாவுக்கு அது சம்பளத்தில் கணிசமான பங்கு. என் பள்ளியில் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்த உயர்வு என்றால் எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

மின்சாரமும் அப்படியே. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கும் விண்ணப்பம் கிடையாது. 2025 ஜூலையில் கட்டணம் 3.16 சதவீதம் ஏறியபோதும் வீடுகளுக்கு ஏற்றாமல் அரசே ஏற்றுக்கொண்டது. பில்லில் தானாகக் கழிகிற உதவிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதை நம்பி மாதக் கணக்குப் போடலாம். பொங்கலுக்கு ஆயிரம் வருமா வராதா என்று தெரியாது. 2023-ல் வந்தது, 2025-ல் வரவில்லை. வந்தால் சந்தோஷம், ஆனால் அதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. பருப்பு, பஸ், 100 யூனிட் மூன்றையும் வைத்துத் திட்டமிடலாம். அவற்றால்தான் மகள் பேரில் ஒரு சிறு சேமிப்பு போட முடிகிறது.

மாறாக, நிவாரணம் என்ற பெயரில் வந்து பிற்பாடு பாரமான ஒன்றையும் பார்த்தோம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கடன் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. கணவருக்குப் பாதிச் சம்பளம் வந்த காலம் அது, எங்களுக்கு வேறு வழியில்லை. அந்த ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்தது, கடன் முடியும் தேதி தள்ளிப்போனது. வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னால் கழித்துக் கொடுத்தார்கள். மூச்சு விட நேரம் கிடைத்தது உண்மை, அதற்கான விலையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். வருமானம் பார்க்காமல், எல்லாருக்கும் என்று வந்த திட்டங்கள் எங்களுக்கு நன்றாக வேலை செய்கின்றன. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது, எங்காவது கோடு போட வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஏழைக்கு முதலில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் போடும் கோடு ஏன் எப்போதும் செங்குத்தாக இருக்கிறது? ஒரு ரூபாய் இந்தப் பக்கம் இருந்தால் முழுத் தொகை, ஒரு ரூபாய் அந்தப் பக்கம் போனால் ஒன்றுமே இல்லை. ஏன் அதைச் சரிவாகப் போட முடியாது?

மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501-வது யூனிட் ஓடிவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் கூடுவதோடு நிற்பதில்லை. 101-லிருந்து 200 வரை 2 ரூபாய் 25 காசுக்குக் கொடுத்தது ரத்தாகி 4 ரூபாய் 50 காசாகிறது. பில் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 2024 ஜூலையில் விலைகள் சற்று ஏறின. இந்த அமைப்பு மாறவில்லை.

இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கா இத்தனை பேச்சு என்று நினைக்காதீர்கள். ஏப்ரல், மே, ஜூனில் கடலூர்ப் புழுக்கம் எப்படி இருக்கும் என்பது இங்கே வேலை பார்த்த எந்த அதிகாரிக்கும் தெரியும். கடல் பக்கத்தில் இருப்பதால் வெயிலைவிட வேர்வைதான் கொல்லும். மாமியார் அறையில் மட்டும் ஒரு ஏசி வைத்திருக்கிறோம். கணக்கெடுக்க வரும் தேதி நெருங்க நெருங்க மீட்டரைப் பார்த்துப் பார்த்து அந்த ஏசியை அணைப்போம். எழுபதை நெருங்கும் மாமியார் நனைந்த புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "எனக்கு வேண்டாம்மா, ஃபேன் போதும்" என்பார். கணக்கெடுப்பு நாலு நாள் தள்ளிப்போனால் அந்த நாலு நாள் ஓட்டமும் இதே கணக்கில் சேர்ந்து எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். மாதாமாதம் கணக்கெடுப்பு என்பது 2021 தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று, இன்னும் வரவில்லை. 501-க்கு மேல் ஓடினால் ஓடிய யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ன, 9 ரூபாய் கூடப் போடுங்கள், கட்டுகிறோம். ஏற்கெனவே ஓடி முடிந்த 100 யூனிட்டின் விலையைப் பின்னால் போய் ஏற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் செங்குத்துக் கோடு மக்களை என்ன செய்ய வைக்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே குடும்பம், ஒரே சமையல். ஆனால் இரண்டு மீட்டர் வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் 500-க்குள் அடங்கும், 100 யூனிட்டும் இரண்டு முறை கிடைக்கும். இப்படித் தனி இணைப்புக்கு வழி தேடாத தெரு இல்லை. அதைப் பிடிக்க நீங்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்புகிறீர்கள். ஒற்றை மீட்டரை வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி கட்டுகிற வீட்டுக்குத்தான் 233 ரூபாய். எனக்கு வலிப்பது பணத்தைவிட இதுதான்: கோடு இவ்வளவு கூராக இருக்கும்போது உண்மையாக நடக்கிற குடும்பம்தான் முதலில் அறுபடுகிறது.

மகளிர் உரிமைத் தொகையிலும் இதையே பார்க்கிறேன். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வருமானத்துக்குக் கிடைக்கக் கூடாது என்பதும் நியாயம். ஆனால் எங்களுக்கும் அந்தத் திட்டத்தின் 2.5 லட்ச ஆண்டு வருமான வரம்புக்கும் நடுவே இருக்கிற வீடுகளைப் பாருங்கள். இரண்டரை லட்சம் என்றால் மாதம் இருபத்தோராயிரத்துக்கும் குறைவு. கணவன் ஆட்டோ ஓட்டி, மனைவி ஜவுளிக் கடையில் நின்று, ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் சம்பாதிக்கிற ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கடையில் அந்தப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சம்பளம் கூட்டுகிறார்கள். ஆண்டு வருமானம் 2 லட்சத்து 52 ஆயிரம் ஆகிறது. விதிப்படி உரிமைத் தொகை மாதம் ஆயிரம் நின்றுபோக வேண்டும். கூடுதலாகச் சம்பாதித்த 12,000 அப்படியே அரசிடம் திரும்பிப் போனது போல ஆகிவிட்டது. அந்தப் பெண் என்ன செய்வாள்? சம்பள உயர்வை யாரிடமும் சொல்ல மாட்டாள், கையில் ரொக்கமாகக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்பாள். அவளைப் பொய் சொல்ல வைத்தது அரசாணையில் இருக்கிற ஒரு எண்.

அதே திட்டத்தில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடக் கூடாது என்றும் ஒரு விதி. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், பெற்றோர் என்று எட்டு பேர் ஒரே வீட்டில், ஒரே மீட்டரில் இருந்தால் எளிதாகத் தாண்டிவிடும். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். தனித்தனியே பிரிந்து போனால் தகுதி, சேர்ந்து இருந்தால் தகுதியில்லை என்று அந்த விதி சொல்லாமல் சொல்கிறது.

2025 ஜூலை 15-ல் எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில்தான் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. அந்த முகாம்களில் உரிமைத் தொகை மனுக்கள்தான் குவிந்தன. விடுபட்டவர்களைச் சேர்க்க மறுபடி வாய்ப்புக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கோடு அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால் எத்தனை முகாம் போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை நின்றுகொண்டே இருக்கும்.

நான் கேட்பது அரசுக்குத் தெரியாத வித்தை இல்லை. வருமான வரியில் இது ஏற்கெனவே நடக்கிறது. 2025 மத்திய பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். (எங்கள் வீட்டுக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. 2023-லேயே 7 லட்சம் வரை வரி கிடையாது. நடுத்தர வர்க்கத்துக்கான பட்ஜெட் என்று தொலைக்காட்சியில் சொன்னது எங்களுக்கு மேலே இருக்கிற நடுத்தரத்தை.) சரி, 12 லட்சத்தைத் தாண்டி 12 லட்சத்து 10 ஆயிரம் சம்பாதித்தால்? அட்டவணைப்படி 61,500 ரூபாய் வரி வரும். ஆனால் வாங்க மாட்டார்கள். வரம்புக்கு மேல் சம்பாதித்தது 10,000 தானே, அதற்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டத்திலேயே விளிம்புநிலைத் தள்ளுபடி வைத்திருக்கிறார்கள். செஸ் என்கிற கூடுதல் வரி மட்டும் தனி. கோட்டை ஒட்டி நிற்பவர் கோட்டால் நஷ்டப்படக் கூடாது என்று யோசித்து எழுதிய விதி அது. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்குக் கிடைத்த அந்த யோசனை, மாதம் இருபதாயிரத்தில் குடும்பம் நடத்துகிற ஜவுளிக் கடைப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே 2023-ல் சமையல் காஸுக்கு மாநில மானியம் கொண்டுவந்தபோது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் சிவப்பு ரேஷன் கார்டுக்கு 300 ரூபாய், மேலே இருப்பவர்களின் மஞ்சள் கார்டுக்கு 150 ரூபாய் என்று வைத்தார்கள். வசதி கூடக் கூட உதவி குறையலாம், ஒரேயடியாக இல்லாமல் போக வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு எளிய வழி. என் நாத்தனார் அங்கே மஞ்சள் கார்டுக்காரர். பாதிதானே என்று அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற நினைப்பில்தான் பேசுவார்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகப் பயம் தருவது மருத்துவச் செலவு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. வருமான வரம்பு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தியது நல்லதுதான். இருந்தாலும் மாதம் பத்தாயிரம் என்பது இன்று கடலூரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறவரின் சம்பளம். அதற்கு மேல் வாங்குகிற எல்லாரும் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே. மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவரும் வெளியே, நாங்களும் வெளியே, எங்களைவிட மூன்று மடங்கு வாங்குகிறவரும் வெளியே.

வெளியே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? காலையிலேயே கிளம்பிப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். இல்லையென்றால் தனியார் காப்பீடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி எடுக்கப்பட்டது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம், அதற்கு நன்றி. சோப்பு, பற்பசை, ஷாம்பு 5 சதவீதத்துக்கு இறங்கியதும், பிள்ளைகளின் நோட்டுக்கு வரி இல்லாமல் போனதும் சின்னச் சின்ன ஆறுதல்கள். ஆனால் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிற மாமியாரின் வயதுக்குத் தனியார் காப்பீடு கேட்கும் தொகை எங்கள் ஒரு மாத வருமானத்தை நெருங்குகிறது. அதனால் அவர் பெயரை விட்டுவிட்டுத்தான் பாலிசி எடுத்திருக்கிறோம். அதை எழுதும்போதே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வருமானம் பார்க்காத மருத்துவ உதவி தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அவர் யார், எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில்லை. மத்திய அரசும் 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பில்லாக் காப்பீட்டைத் தொடங்கியது. முழுதாக இலவசம் கேட்கவில்லை, பங்கு கட்டத் தயாராக இருக்கிறோம். ராஜஸ்தானில் 2021-ல் கொண்டுவந்த சிரஞ்சீவி காப்பீட்டில், இலவசத் தகுதி இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். நம் காப்பீட்டிலும் 1.2 லட்சத்துக்கு மேல் இருப்பவர்களிடம் வருமானத்துக்கு ஏற்ப ஒரு பங்கு பிரீமியம் வாங்கிச் சேருங்கள். மூன்று லட்சம் சம்பாதிக்கிறவர் கொஞ்சம் கட்டட்டும், ஐந்து லட்சம் சம்பாதிக்கிறவர் அதிகம் கட்டட்டும். மாமியார் பெயரைச் சேர்க்க முடியும் என்றால் ஐயாயிரம் ரூபாய் கட்டவும் நாங்கள் தயார். தீபாவளிச் சீட்டு போல மாதாமாதம் எடுத்து வைத்துவிடுவோம்.

வெள்ளத்தைப் பற்றியும் எழுதாமல் முடியாது, அக்டோபர் பிறந்துவிட்டது. தானே புயல், 2015 மழை, 2024-ல் ஃபெஞ்சல் புயல் என்று எங்கள் ஊருக்கு வரிசையாகப் பார்த்தாகிவிட்டது. 2024 நவம்பர் 30-ல் புயல் கரை கடந்து, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது ஆற்றின் இரு கரையும் மூழ்கின. வடகரையில் பாகூர்ப் பக்கம் புதுச்சேரி, தென்கரையில் நாம். அங்கே எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தார்கள். இங்கே பாதித்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். குண்டு உப்பலவாடியில் என் அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜ், மெத்தை, மிக்ஸி, பையனின் பாடப் புத்தகம், மாமாவின் வண்டி எல்லாம் போயின. குடிசைக்கு இழப்பீட்டு விதி இருக்கிறது, ஆடு மாட்டுக்கு இருக்கிறது, பயிருக்கு இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். காரை வீட்டுக்குள் இருபது வருடம் தவணை கட்டிச் சேர்த்த சாமான்களுக்கு அக்காவுக்குத் தனியாக எதுவும் வரவில்லை. வாசலில் தண்ணீர் வந்த வீட்டுக்கும் இடுப்பளவு நின்ற வீட்டுக்கும் ஒரே 2,000.

தண்ணீர் நின்ற அளவைப் பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைக்க முடியும். வெள்ளம் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர்கள் வீடு வீடாக வரத்தான் செய்கிறார்கள், சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும், போட்டோ எடுக்கலாம். கையில் கொடுக்கப் பணம் இல்லையென்றால் கூட்டுறவு வங்கியில் ரேஷன் கார்டை வைத்து ஐம்பதாயிரம் வரை குறைந்த வட்டிக் கடன் கொடுங்கள். அக்கா கடைசியில் நகையை அடகு வைத்துத்தான் ஃபிரிட்ஜும் மெத்தையும் வாங்கினாள். அந்த நகை இன்னும் வீடு திரும்பவில்லை, அடுத்த மழை வந்துவிட்டது.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களையும் யோசித்துப் பார்த்தேன். தனியார் வேலையில் இருப்பவர்களின் வருமானத்தைச் சரியாக அளக்க முடியாது, படிப்படியாகக் குறைக்கும் முறையை நடத்துவது கடினம் என்பீர்கள். உண்மைதான். இப்போது மட்டும் அளந்தா முடிவு செய்கிறீர்கள்? இன்றைக்கும் விண்ணப்பத்தில் எழுதித் தரும் வருமானமோ வருமானச் சான்றோதான். கோடு செங்குத்தாக இருக்கும்போது அந்த எண்ணில் ஆயிரம் ரூபாய் கூடக் குறைய எழுதினால் வருடத்துக்கு 12,000 ரூபாய் மாறுகிறது. சரிவாக இருந்தால் சிறு தவறு சிறு தொகையைத்தான் மாற்றும். பொய் சொல்வதில் லாபமும் குறையும், தாலுகா அலுவலகத்தில் நெரிசலும் குறையும். பணம் கூடுதலாகும் என்றால், மொத்த ஒதுக்கீட்டைக் கூட்டாமலேயே செய்ய வழி உண்டு: மேலே கொஞ்சம் குறைத்து விளிம்பில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நீட்டுங்கள். எங்களைப் போன்ற நாலரை லட்சக் குடும்பத்துக்கு உரிமைத் தொகை வேண்டாம். இரண்டரை லட்சத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் இடையில் இருப்பவர்களுக்கு எழுநூறு, நானூறு, இருநூறு என்று இறங்கி முடியட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லவில்லை. மின்கட்டணத்தில் தொடங்குங்கள். அதற்கு வருமானச் சான்று வேண்டாம், முகாம் வேண்டாம், கள ஆய்வு வேண்டாம். மீட்டர் பொய் சொல்லாது, பில் போடுவது கணினி. 500-ஐத் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலையே தொடரும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று ஒரு வரி போதும். கட்டணத் திருத்தம் ஜூலையில் வருகிறது. அதற்கு முன் ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் கடலூரிலோ விழுப்புரத்திலோ ஒன்று நடத்துங்கள். நானும் என் தெருப் பெண்களும் பழைய பில்களோடு வருகிறோம். அந்த வரியை வரும் ஜூலை அட்டவணையில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி
கடலூர், அக்டோபர் 2025